நீக்கினாலும் திரும்பி வரும் மலையாளக் கீபோர்டு: ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கலாமா?

புளியரை மழை:

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் புளியரையில் இருக்கிறேன். வீட்டில் ஒரு மேசைக் கணினி, விண்டோஸ் 11 ஹோம். நான் தமிழ் 99 விசைப்பலகையில் தட்டுகிறவன். மகள் கொல்லத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது கல்லூரி வேலைக்காக மலையாளக் கீபோர்டைச் சேர்த்துக்கொண்டாள். அவள் கிளம்பிப் போன பிறகு செட்டிங்ஸில் போய் அதை நீக்கினேன். போகவில்லை.

செட்டிங்ஸின் மொழிப் பட்டியலில் மலையாளமே கிடையாது. ஆனால் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் ஆங்கிலம், தமிழ், மலையாளம் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. பாஸ்வேர்டு கேட்கும் திரையில்தான் பெரிய தொல்லை. ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் கை தவறிச் சேர்ந்து பட்டுவிட்டால் மலையாளத்துக்குத் தாவிவிடுகிறது. திரையில் தெரிவது வெறும் புள்ளிகள், அதனால் எந்த எழுத்து விழுகிறது என்று தெரியாது. பாஸ்வேர்டு தவறு, பாஸ்வேர்டு தவறு என்றே வரும். என் மனைவி இதனால் கணினிப் பக்கமே வருவதில்லை. மலையாளத்தோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை, வீட்டில் பாதிப் பேச்சு அதுதான். இந்தக் கணினியில் வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு காணொளியில், விண்டோஸ் தன் அமைப்புகளை எல்லாம் எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜெடிட் என்ற நிரலைத் திறந்து 'கீபோர்டு லேஅவுட்ஸ்' என்று கண்ணில் படுவதையெல்லாம் அழித்துவிடுங்கள் என்கிறார் ஒருவர். செய்யலாமா? ரெஜிஸ்ட்ரிக்குள் நான் இதுவரை போனதில்லை.

களியக்காவிளை:

அண்ணே, அந்தக் காணொளியை மூடிவிடுங்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இடங்களை அவர் ஒன்றாக்கிவிட்டார்.

லோக்கல் மெஷின் கிளையில், சிஸ்டம் › கரண்ட் கன்ட்ரோல்செட் › கன்ட்ரோல் › கீபோர்டு லேஅவுட்ஸ் என்று ஒன்று உண்டு. அது கிட்டங்கி. உலகத்தில் உள்ள விசைப்பலகை அத்தனைக்கும் விண்டோஸ் வைத்திருக்கும் பதிவு அங்கேதான் இருக்கிறது. அதில் கை வைத்தால் நாளைக்குத் தமிழும் கிடைக்காது. நீங்கள் பார்க்க வேண்டியது 'ஸ்' இல்லாத கீபோர்டு லேஅவுட், அதற்குள் ப்ரீலோட். எந்தெந்தக் கீபோர்டு ஏற வேண்டும் என்ற சின்னப் பட்டியல் அது.

இந்தப் பட்டியல் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று கரண்ட் யூசர் கிளையில், உங்கள் கணக்குக்கு மட்டும். இன்னொன்று ஹெச்கீ யூசர்ஸ் › டாட் டிஃபால்ட் என்பதற்குள். 'டிஃபால்ட்' என்ற பெயரைப் பார்த்து, புதிதாகச் சேரும் பயனர்களுக்கான மாதிரி என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படி இல்லை. அது விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் சிஸ்டம் கணக்கின் சொந்த இடம். நீங்கள் உள்ளே நுழையும் முன் வரும் பாஸ்வேர்டு திரை அதைப் பார்த்துத்தான் கீபோர்டுகளை ஏற்றுகிறது. உங்கள் கணக்கில் மலையாளத்தை நீக்கியாயிற்று, அங்கே இன்னும் இருக்கிறது. பேய் மாதிரி வருவது அங்கிருந்துதான் என்று என் கணிப்பு.

இருந்தாலும் ரெஜிஸ்ட்ரி கடைசியில் வரட்டும். முதலில் செட்டிங்ஸில் மலையாளத்தை மறுபடி சேருங்கள், ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள், அப்புறம் நீக்குங்கள். அரைகுறையாக அழிந்தது பல நேரம் இதிலேயே முழுசாக அழிந்துவிடும். போகவில்லை என்றால் ரன் பெட்டியில் ஐஎன்டிஎல் டாட் சிபிஎல் (intl.cpl) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், பழைய ரீஜன் ஜன்னல் வரும். அதில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் என்ற தாவலுக்குள் 'காப்பி செட்டிங்ஸ்' பொத்தானை அழுத்தினால், உங்கள் கணக்கு, வெல்கம் ஸ்கிரீன், புதிய பயனர்கள் மூன்றுக்கும் என்னென்ன மொழி, என்ன கீபோர்டு என்று தனித்தனியாகக் காட்டும். வெல்கம் ஸ்கிரீனுக்கு நேரே மலையாளம் இருந்தால் என் கணிப்பு சரி. கீழே உள்ள 'வெல்கம் ஸ்கிரீன் அண்ட் சிஸ்டம் அக்கவுண்ட்ஸ்' கட்டத்தை டிக் செய்து ஓகே கொடுங்கள். உங்கள் கணக்கில் உள்ளது அப்படியே அங்கே படியும்.

அதிலும் தீராவிட்டால் ப்ரீலோடைத் திறக்கலாம். உள்ளே 1, 2, 3 என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் எட்டு இலக்க மதிப்பு. முதல் நாலும் பெரும்பாலும் பூஜ்யம், கடைசி நாலுதான் மொழி. அமெரிக்க ஆங்கிலம் 0409, இந்திய ஆங்கிலம் 4009, இந்தி 0439, தமிழ் 0449. அதற்கு அடுத்தடுத்து தெலுங்கு 044ஏ, கன்னடம் 044பி, மலையாளம் 044சி. நம் நாலு மொழியும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடாக இருப்பதால் ஒரு எழுத்து மாறிப் பார்த்தாலும் வேறு மொழியை அழித்துவிடுவீர்கள். நிதானமாகப் பாருங்கள்.

தமிழ் 99 வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் கண்ணில் படும். ஆங்கில 'டி' (d) எழுத்தில் தொடங்கும் ஒரு மதிப்பு. குப்பை என்று அழிக்காதீர்கள். பக்கத்திலேயே சப்ஸ்டிட்யூட்ஸ் என்ற கிளையில் அதற்கு இணையான உண்மையான எண் இருக்கும். ஒரே மொழிக்குள் வேறு தளவமைப்பு என்றால் விண்டோஸ் அப்படித்தான் குறித்து வைக்கும்.

அழிப்பதற்கு முன் அந்தக் கிளையின் மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட். கோப்பை டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள எண்ணை அழித்தால் மிச்சத்தை வரிசையாகத் திருத்திவிடுங்கள்.

புளியரை மழை:

மிக்க நன்றி தம்பி. வெல்கம் ஸ்கிரீனுக்கு நேரே நீங்கள் சொன்ன மாதிரியே மலையாளம் இருந்தது! டிக் போட்டு ஓகே கொடுத்தேன். கணினியை ஷட் டவுன் செய்து, சாப்பிட்டுவிட்டு வந்து போட்டேன். இன்னும் வருகிறதே.

களியக்காவிளை:

ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். அப்புறம் பேசலாம்.

புளியரை மழை:

போய்விட்டது! இரண்டும் ஒன்றுதானே? ரீஸ்டார்ட்டில் அப்படி என்ன இருக்கிறது?

களியக்காவிளை:

விண்டோஸ் 8 வந்ததிலிருந்து இரண்டும் ஒன்றில்லை அண்ணே. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி பெரும்பாலான கணினிகளில் முதலிலிருந்தே ஆன் ஆகி இருக்கும். ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் கணக்கை மட்டும் முழுசாக வெளியேற்றும். அடியில் ஓடும் கெர்னல் என்ற விண்டோஸின் மையப் பகுதியையும் சிஸ்டம் அமர்வையும் அப்படியே ஹைபர்ஃபைல் என்ற கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கப் போகும். மறுநாள் போடும்போது அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றுவதால்தான் சீக்கிரம் எழுந்துவிடுகிறது. நீங்கள் மாற்றியது சிஸ்டம் கணக்கின் பட்டியலை. பழைய அமர்வே திரும்பி வந்தால் பழைய பட்டியல்தான் வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் முதலிலிருந்து படிக்கப்படும்.

ரெஜிஸ்ட்ரியிலோ டிரைவரிலோ எதையாவது மாற்றி, "மூடித் திறந்தேன், மாறவில்லை" என்று வரும் கேள்விகளில் பல இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கின்றன. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைக் கிளிக் செய்தாலும் அந்த ஒரு தடவை முழுசாக மூடும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

இந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பால் எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் எங்கள் ஊர்ப்பக்கம் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியும். கேரளப் பள்ளிகளில், அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் வழங்கும் உபுண்டு அடிப்படையிலான லினக்ஸ்தான் பிள்ளைகள் படிப்பது. அதனால் வீட்டு மடிக்கணினியிலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் அதைப் போட்டு வைத்திருக்கிறோம். பையன் லினக்ஸில் போய் டி டிரைவில் பாடக் கோப்பைச் சேமிக்கப் பார்த்தால், படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது என்று வரும். வட்டில்தான் கோளாறு, மாற்றிவிடுங்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். வட்டு நன்றாகவே இருந்தது. விண்டோஸ் முழுசாக மூடாமல் தூங்கிக்கொண்டிருந்ததால், அந்த டிரைவில் வேறொருவர் எழுதினால் கோப்புகள் கெட்டுவிடும் என்று லினக்ஸ் ஒதுங்கி நின்றது. சரியான எச்சரிக்கைதான் அது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ', அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்தோம், தீர்ந்தது. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் எல்லாருமே இதை அணைத்து வைப்பது நல்லதுங்க.

இன்னொன்று. லினக்ஸிலும் மறைவான அமைப்புகள் இருக்கின்றன, டிகான்ஃப் எடிட்டர் என்று ஒரு நிரலை நிறுவினால் பார்க்கலாம். ரெஜிஸ்ட்ரியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எனக்கு அதில் பிடித்தது, பெரும்பாலான அமைப்புகளுக்கு நேரே இது என்ன, ஆதி மதிப்பு என்ன என்று எழுதியிருக்கும். மாற்றியது பிடிக்கவில்லை என்றால் ஆதி மதிப்புக்கே திரும்பலாம், அதற்கு அங்கேயே வழி உண்டு. ரெஜிஸ்ட்ரியில் அப்படி ஒரு விளக்க வரி கிடையாது. மெனுஷோடிலே, 400 என்று இருக்கும். நானூறு என்ன, மில்லி செகண்டா, பிக்ஸலா என்று நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கும்போது நான் டிகான்ஃபைத்தான் முதலில் திறந்து காட்டுகிறேன்.

குமுளி ஏலம்:

மெனுஷோடிலே என்றதும் ஞாபகம் வந்தது. என் பழைய லேப்டாப், விண்டோஸ் 10, நாலு ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். ஏலக்காய்க் கணக்கு எழுதத் திறந்தால் எக்ஸெல் வருவதற்குள் டீயே குடித்துவிடலாம். வேகப்படுத்த ஒரு தொகுப்பு கிடைத்திருக்கிறது, ஒரே கிளிக்கில் எல்லாம் மாறுமாம். உள்ளே என்ன இருக்கிறது என்று நோட்பேடில் திறந்து பார்த்தேன்: மெனுஷோடிலேயை பூஜ்யமாக்குகிறது, விண்டோஸ் பிடித்து வைத்திருக்கும் 20 சதவீத இணைய வேகத்தை விடுவிக்கிறது, ப்ரீஃபெட்ச் ஃபோல்டரைக் காலி செய்கிறது, கொஞ்சம் சர்வீஸ்களை நிறுத்துகிறது, விண்டோஸ் அப்டேட்டை நிரந்தரமாக மூடுகிறது. கூடவே எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்பு ஜன்னலில் ப்ராசஸர் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்கிறது, கடைசியில் ஒரு ரெஜிஸ்ட்ரி கிளீனரை ஓட்டச் சொல்கிறது. போடலாமா அண்ணே?

களியக்காவிளை:

நோட்பேடில் திறந்து பார்த்தீர்களே, அதுவே பெரிய விஷயம். தயவுசெய்து ஓட்டாதீர்கள்.

மெனுஷோடிலே உண்மையானது. கரண்ட் யூசர் › கன்ட்ரோல் பேனல் › டெஸ்க்டாப் என்பதற்குள் இருக்கிறது. துணை மெனு விரிவதற்கு முன் காத்திருக்கும் நேரம், 400 மில்லி செகண்ட். 100 என்று மாற்றி, வெளியேறி உள்ளே வந்தால் பழைய மெனுக்கள் சட்டென விரிவது கண்ணுக்குத் தெரியும். பூஜ்யம் வேண்டாம், மவுஸ் கடந்து போகும் இடமெல்லாம் மெனு வெடித்து வெடித்து வரும். ஆனால் இதனால் எக்ஸெல் ஒரு நொடிகூட முன்னதாக வராது. இது கையில் படும் உணர்வு, கணினியின் வேகம் வேறு.

அந்த 20 சதவீதக் கதை எக்ஸ்பி காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அது உச்சவரம்பு. முன்னுரிமை கேட்டுப் பதிவு செய்யும் நிரல் ஒன்று ஓடினால், அது அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கான எண். அப்படி எந்த நிரலும் கேட்காதபோது முழு வேகமும் உங்களுக்கேதான். மைக்ரோசாஃப்டே இதை அப்போதே விளக்கிவிட்டது. எம்எஸ்கான்ஃபிக் விஷயம் இதற்கு நேர் தலைகீழ். அங்கே டிக் போடாமல் விட்டால் விண்டோஸ் எல்லாக் கோர்களையும் எடுத்துக்கொள்ளும். டிக் போட்டு எண் கொடுப்பது சோதனைக்காகக் குறைத்துப் பார்க்க வைத்த வசதி. கூட்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

ப்ரீஃபெட்சைக் காலி செய்தால் அடுத்த சில தடவை நிரல்கள் இன்னும் மெதுவாகத்தான் திறக்கும், ஏனென்றால் எந்த நிரல் எந்தக் கோப்பைக் கேட்கும் என்று விண்டோஸ் எழுதி வைத்த குறிப்பு அது. ரெஜிஸ்ட்ரி கிளீனர் பற்றி மைக்ரோசாஃப்ட் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது, இவற்றை நாங்கள் ஆதரிப்பதில்லை என்று. லட்சக்கணக்கான பதிவுகளில் சில நூறு பழைய வரிகளை அழித்து என்ன வேகம் கிடைக்கும்? அழித்ததில் ஒன்று தேவையான வரியாக இருந்தால் எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

இந்த மாதிரித் தொகுப்புகள் மேல் எனக்கு உள்ள கோபமே அதுதான். ஒரே கிளிக்கில் நாற்பது இடத்தை மாற்றும், பழைய மதிப்பு எதையும் குறித்து வைக்காது. ஒரு மாதம் கழித்து பிரிண்டர் வேலை செய்யாமல் போகும். நாற்பதில் எது காரணம்? தெரியாது. ஃபார்மேட் அடி என்பார்கள். கணக்கு, போட்டோ எல்லாம் போச்சு. ஒரு மதிப்பை மாற்றுங்கள், இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வையுங்கள், அப்புறம் அடுத்தது.

உங்கள் லேப்டாப்புக்கு மருந்து ரெஜிஸ்ட்ரியில் இல்லை. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். ராம் இடம் இருந்தால் எட்டாக்குங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் தாவலைத் திறந்து, தேவையில்லாமல் காலையிலேயே எழுந்து உட்காரும் நிரல்களை நிறுத்துங்கள்.

குமுளி ஏலம்:

சரி அண்ணே, தொகுப்பை அழித்துவிட்டேன். ஆனால் அப்டேட்டை மட்டுமாவது மூட வேண்டும். எங்கள் மேட்டில் கம்பி இணையம் இல்லை, போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் ஓட்டுகிறேன். அப்டேட் இறங்க ஆரம்பித்தால் அன்றைய டேட்டா காலையிலேயே தீர்ந்துவிடுகிறது.

நகரி நெசவு:

அண்ணா, நான் ஆந்திராப் பக்கம் நகரியில் இருக்கிறேன், திருத்தணி தாண்டி. அப்டேட்டை மூடாதீர்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் வந்தபோது எங்கள் சித்தூர் மாவட்டம் உட்பட ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் பூட்டிக்கொண்டன. வயநாட்டில் ஒரு பஞ்சாயத்து அலுவலகம், பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகம் என்று உங்கள் பக்கமும் செய்தி வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் கையில் இருந்தும் போடாத இடங்களில்தான் பெரிய அடி.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வைரஸ் நுழைந்தது எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு வழியாக. 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவினால் அது வருவதில்லை. ஆனால் பழைய ஸ்கேனரையோ பிரிண்டரையோ நெட்வொர்க்கில் சேர்க்க வருகிறவர்கள் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் போய் அதை டிக் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பட்டியலைத் திறந்து, எஸ்எம்பி 1 டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

களியக்காவிளை:

நகரி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. குமுளி, உங்கள் பிரச்சனை டேட்டா, அதற்குத் தனி வழி இருக்கிறது. வைஃபை செட்டிங்ஸில் உங்கள் ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து 'மீட்டர்டு கனெக்ஷன்' ஆன் செய்யுங்கள். அந்த ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்வரை பெரிய அப்டேட் தானாக இறங்காது. டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற பக்கத்தையும் திறந்து பாருங்கள். உங்கள் கணினியில் இறங்கிய அப்டேட்டை இணையத்தில் முன்பின் தெரியாத கணினிகளுக்கும் கொடுக்கலாம் என்று அங்கே இருந்தால் அணைத்துவிடுங்கள், உங்கள் டேட்டாவில் ஊருக்குத் தானம் வேண்டாம். அப்புறம் கம்பத்துக்கோ தேனிக்கோ இறங்கும்போது, நல்ல இணையம் உள்ள இடத்தில் கணினியை வைத்து அப்டேட்டை நீங்களே ஓட்டுங்கள்.

உங்களுடையது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 14 அக்டோபர் 2025-உடன் நின்றுவிட்டன. வீட்டுப் பயனர்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டால் மேலும் ஓராண்டு என்று ஒரு திட்டம் இருக்கிறது. அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு காட்டும், பதிந்துவிடுங்கள்.

நகரி நெசவு:

கீபோர்டு பற்றி ஆரம்பித்த இழை என்பதால் எழுத்து சம்பந்தமான ஒன்றைக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தறிக்கணக்கு என் தொழில், தம்பி கடைவீதியில் டிடிபி வைத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகை, தமிழிலும் தெலுங்கிலும். புதுத் தெலுங்குக் கோப்புகள் யூனிகோடு. தமிழில் பல வருடமாகச் சேர்த்து வைத்த பத்திரிகைகள் எல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு நிரலில், யூனிகோடுக்கு முந்தைய டேம் எழுத்துருக்களில். போன வாரம் வேறு வேலைக்கு வந்த ஒரு மெக்கானிக், தெலுங்கு ஃபைல் பெயர்கள் ஒரு பழைய நிரலில் கேள்விக்குறியாக வருகிறது என்று சொன்னதும் ஏதோ ஓர் இடத்தில் ஒரு டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்தார். அதிலிருந்து பேஜ்மேக்கரில் தமிழ்ப் பத்திரிகை எதைத் திறந்தாலும் பாதி எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது. எழுத்துருவை அழித்து மறுபடி நிறுவினோம், பலன் இல்லை. முகூர்த்த மாதம், ஆர்டர் நிற்கிறது.

களியக்காவிளை:

கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். இந்த நிலையில் எதையும் சேமிக்க வேண்டாம் என்று மட்டும் தம்பியிடம் உடனே சொல்லுங்கள்.

அவர் டிக் போட்ட இடம் அநேகமாக இது. புளியரை அண்ணனுக்குச் சொன்ன அதே ரீஜன் ஜன்னல், அதே அட்மினிஸ்ட்ரேட்டிவ் தாவல். கீழே 'சேஞ்ச் சிஸ்டம் லொகேல்' என்ற பொத்தான். அதை அழுத்தினால் வரும் சின்னப் பெட்டியின் அடியில் 'பீட்டா' என்று தொடங்கி யூடிஎஃப்-8 என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த டிக்கை எடுத்து, ரீஸ்டார்ட்.

காரணம் இதுதான். யூனிகோடு தெரியாத பழைய நிரல்கள் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்று நினைக்கின்றன. 0 முதல் 127 வரை ஆங்கிலம். டேப், டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்கள் 128-இலிருந்து 255 வரை உள்ள இடத்தில் தமிழை அடுக்கின. டேம் அதோடு ஆங்கில எழுத்துகளின் இடத்திலும் சில தமிழ் எழுத்துகளை வைத்தது. விண்டோஸ் அந்தப் பைட்டுகளை 1252 என்ற கோட்பேஜ் (எந்தப் பைட்டுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை) வழியாகப் படிக்கும்வரை, ஆங்கில ஐரோப்பிய எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துரு தமிழ் வடிவத்தைக் காட்டிவிடும். அந்தப் பீட்டா கட்டத்தை டிக் செய்தால் கோட்பேஜ் 65001, அதாவது யூடிஎஃப்-8, ஆகிவிடுகிறது. அதில் 128-க்கு மேல் தனியாக நிற்கும் பைட் செல்லாத பைட். அதனால்தான் கட்டம். பாதி எழுத்து நன்றாகவும் பாதி கட்டமாகவும் வருவதற்குக் காரணமும் அதுவே, 127-க்குக் கீழே உள்ளவை தப்பித்துவிடும்.

இதே மதிப்பு ரெஜிஸ்ட்ரியில் என்எல்எஸ் › கோட்பேஜ் என்பதற்குள் ஏசிபி என்ற பெயரில் இருக்கிறது. அங்கே நேரடியாகக் கை வைக்க வேண்டாம். தப்பான எண் விழுந்தால் விண்டோஸ் ஏறாமலே நின்றுவிடும் ஆபத்து உண்டு. ஜன்னல் வழியாகவே செய்யுங்கள்.

நகரி நெசவு:

அதே இடம்தான்! டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் கொடுத்ததும் பத்திரிகை எல்லாம் பழையபடி வந்துவிட்டது. தம்பி பிரிண்ட் போட ஆரம்பித்துவிட்டான். ரொம்ப நன்றி அண்ணா. பழைய நிரலில் தெலுங்கு ஃபைல் பெயர் கேள்விக்குறியாக வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அந்தக் கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்துவிடுகிறோம்.

புளியரை மழை:

நண்பர்களே, மறுபடியும் நான். மலையாளம் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை செட்டிங்ஸின் பட்டியலிலேயே இருக்கிறது. யாரும் கணினியைத் தொடவில்லை. வெல்கம் ஸ்கிரீனில் இல்லை, என் கணக்கில் மட்டும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

மகள் கொல்லத்தில் வைத்திருக்கும் மடிக்கணினியில் யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கு இருக்கிறது?

புளியரை மழை:

என்னுடையதுதான் டீச்சர். ஆஃபீஸ் வேண்டும் என்று என் மின்னஞ்சலைத்தான் போட்டுக் கொடுத்தோம்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

அப்படியென்றால் காரணம் கிடைத்துவிட்டதுங்க. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் விண்டோஸ் பேக்கப், 'ரிமெம்பர் மை ப்ரிஃபரன்சஸ்' என்பதை விரித்தால் லாங்குவேஜ் ப்ரிஃபரன்சஸ் என்று ஒரு டிக் இருக்கும். ஒரே கணக்கில் உள்ள கணினிகள் மொழிப் பட்டியலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள அதுதான் வழி. அவள் அங்கே மலையாளம் வைத்திருக்கிறாள், அது இங்கே வருகிறது. நீங்கள் இங்கே நீக்கினால் அங்கே அவளுக்கும் காணாமல் போகலாம், கேட்டுப் பாருங்கள். உங்கள் கணினியில் அந்த ஒரு டிக்கை மட்டும் எடுத்துவிட்டு, அப்புறம் மலையாளத்தை நீக்குங்கள். முடிந்தால் அவளுக்குத் தனிக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள், ஆஃபீஸை அந்தக் கணக்கோடு குடும்பத் திட்டத்தில் பகிரலாம்.

புளியரை மழை:

மகளிடம் கேட்டேன். "என் மலையாளம் அடிக்கடி மறைந்து போகிறது அப்பா, நான் மறுபடி மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தேன்" என்கிறாள்! இங்கே நான் நீக்க, அங்கே அவள் சேர்க்க, இப்படியே ஓடியிருக்கிறது. டிக்கை எடுத்தாயிற்று. இப்போது இரண்டு கணினியிலும் அவரவர் மொழி அவரவரிடம் நிற்கிறது. மனைவி இன்று மின்கட்டணத்தை இந்தக் கணினியிலேயே கட்டினாள்.

கடைசியாக ஒரு சந்தேகம். களியக்காவிளைத் தம்பி எக்ஸ்போர்ட் செய்து வைக்கச் சொன்னாரே, ரெஜிஸ்ட்ரியைத் தொடாமலே வேலை முடிந்துவிட்டாலும் வழக்கத்துக்காகச் செய்து வைத்தேன். ஏதாவது கெட்டால் அந்தக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

களியக்காவிளை:

எல்லாம் ஆகாது அண்ணே, இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பை ஏற்றினால் அதில் எழுதியிருக்கும் மதிப்புகள் திரும்ப வரும். எக்ஸ்போர்ட் செய்த பிறகு நீங்கள் புதிதாகச் சேர்த்த மதிப்பு எதையும் அது அழிக்காது, அவை அப்படியே நிற்கும். புதிதாகச் சேர்த்ததை நீங்களே கையால் அழிக்க வேண்டும். அதனால் எக்ஸ்போர்ட் கோப்போடு ஒரு தாளில், எந்தக் கிளையில் எந்தப் பெயரைச் சேர்த்தேன், எதை மாற்றினேன், பழைய மதிப்பு என்ன என்று எழுதி வையுங்கள். டிவேர்டு (DWORD) வகை மதிப்புக்கு எண் கொடுக்கும்போது ஹெக்ஸா (பதினாறடி எண்) டெசிமலா (வழக்கமான பத்தடி எண்) என்று பார்த்துக்கொள்ளவும், அந்தப் பெட்டி ஹெக்ஸில்தான் திறக்கும். அதில் 100 என்று போட்டால் விழுவது 256.

இன்னொரு காப்பும் வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்று தேடித் திறந்து, சி டிரைவுக்கு நேரே ப்ரொடெக்ஷன் 'ஆன்' என்று இருக்கிறதா பாருங்கள். பல கணினிகளில் ஆஃப் ஆகித்தான் இருக்கிறது. முன்பெல்லாம் விண்டோஸ் தானாகவே ரெஜிஸ்ட்ரியை ரெக்பேக் என்ற ஃபோல்டரில் நகல் எடுத்து வைக்கும். 2018-இல் வந்த 1803 பதிப்பிலிருந்து அது நின்றுவிட்டது. ஃபோல்டர் இருக்கும், உள்ளே கோப்புகளின் பெயரும் இருக்கும், அளவு மட்டும் பூஜ்யம். அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

குமுளி ஏலம்:

என் லேப்டாப்பிலும் ப்ரொடெக்ஷன் ஆஃப் என்றுதான் இருந்தது, இப்போது ஆன் செய்துவிட்டேன். மெனுஷோடிலே 100 போட்டும் மாறவில்லையே அண்ணே? பையனுக்குத் தனிக் கணக்கு, அதில் அட்மின் அனுமதி இல்லை. ரெஜெடிட்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து என் பாஸ்வேர்டு போட்டுத்தான் மாற்றினேன்.

களியக்காவிளை:

அதனால்தான் மாறவில்லை. உங்கள் பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்தால் அந்த ரெஜெடிட் உங்கள் கணக்கில் ஓடுகிறது, கரண்ட் யூசர் என்று அது காட்டுவது உங்களுடையதை. மாறியது உங்கள் மெனு, பையனுடையது அல்ல. அவன் கணக்கில் இருந்துகொண்டு, அட்மினிஸ்ட்ரேட்டர் எதுவும் கொடுக்காமல் ரெஜெடிட்டைச் சும்மா திறங்கள். கரண்ட் யூசர் கிளைக்கு அந்த அனுமதியே போதும். மதிப்பை மாற்றிவிட்டு ஒருமுறை சைன் அவுட் செய்து உள்ளே வரச் சொல்லுங்கள்.